பின்கேட்டில் நான் செய்த ஒரே கைது

செக்யூரிட்டி யூனிஃபார்ம் கைக்கு வந்த முதல் வாரத்தில், கேட்டில் நிற்க வந்த உங்களைக் கண்கொண்டு பார்க்க முடிவதில்லை. நேற்றுவரை டவுன் பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கண்டக்டரிடம் திட்டு வாங்கியவர்கள்தான். விசில் கழுத்தில் ஏறிய மறுநிமிடம் கலெக்டரையே ஓரம்கட்டி நிறுத்துகிற குரல் வந்துவிடுகிறது. போன மாதம் நம் புதுப் பிள்ளை ஒருத்தி, கேன்டீனுக்குக் கீரை கொண்டுவந்த அம்மாவிடம் ஆதார் அட்டை கேட்டாளாம். கேள்விப்பட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு சிரிப்பு தானாக நின்றுவிட்டது. அந்தக் கிறுக்கு என்னையும் ஒரு தடவை பிடித்து ஆட்டியிருக்கிறது, அதுவும் பேரன் எடுத்த வயதில்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கேட்டில் இருபத்திரண்டு வருஷம் நின்றவள் நான். பெயர் எஸ்தர். வேலை விட்டு வெளியே போகும் பெண்களின் பையையும் டிபன் டப்பாவையும் இடுப்பையும் தடவிப் பார்த்து அனுப்புவதுதான் என் உத்தியோகம். கடைசி மூன்று வருஷம் ‘செக்யூரிட்டி ஆபீசர்’ என்று மேஜையில் பலகை வைத்தார்கள். ஆபீசர் ஆனதில் எனக்குக் கூடுதலாகக் கிடைத்தது கை வைத்த நாற்காலி ஒன்று. அதில் உட்கார்ந்தால் மனுஷிக்கு மூளை கொஞ்சம் கீழே இறங்கிவிடும் என்று பிறகுதான் தெரிந்தது.

முதலில் ஒன்றை மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் போலீஸ் இல்லை. தோளில் இருக்கிற பித்தளைப் பட்டி கம்பெனி கொடுத்தது, கவர்மென்ட் கொடுத்ததில்லை. சட்டத்தின் கணக்கில் நீங்களும் கேட்டுக்கு எதிரே டீ ஆற்றுகிறவரும் ஒரே ஜாதி. இரண்டு பேருக்கும் பெயர் ‘தனிநபர்’. ஒருவரைக் கைது செய்ய டீக்கடைக்காரருக்கு என்ன அதிகாரம் உண்டோ, அதே அதிகாரம்தான் உங்களுக்கும். ஒரு குண்டூசி முனைகூட ஜாஸ்தி கிடையாது.

இது எனக்கு அப்போது தெரியாமல் போனதற்குக் காரணம் பிரியாணி.

புதுச் சட்டம் வந்த சமயம். பழைய புத்தகத்தில் நாற்பத்து மூன்றாம் பிரிவாக இருந்தது புதுப் புத்தகத்தில் நாற்பதாம் பிரிவாக மாறியிருந்தது. புத்தகத்தின் புதுப் பெயரைச் சொல்ல நம்மில் யாருக்கும் நாக்கு புரளாது, விடுங்கள். எங்களுக்குப் பாடம் நடத்த வேலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏற்பாடு செய்திருந்தார்கள். பாடம் நடத்தியவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மைக்கே தேவையில்லாத குரல். “நாற்பதாம் பிரிவின்படி எந்தத் தனிநபரும் குற்றவாளியைக் கைது செய்யலாம்!” என்று முழங்கினார். மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அவர் அடுத்த வரிக்குப் போவதற்குள் பின்னால் அண்டா திறந்த வாசனை வந்துவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் மறுபடி பிடித்துக்கொண்டு, “ஆறு மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல ஒப்படைச்சிடணும், மறந்துடாதீங்க” என்றார். ஆக, பிரிவின் தலையும் எங்களுக்குத் தெரியும், வாலும் தெரியும். நடுவில் இருந்ததைக் கத்திரிக்காயோடு தின்றுவிட்டோம்.

நடுவில் இருந்தது இதுதான். குற்றம் உங்கள் கண்ணெதிரே நடந்திருக்க வேண்டும். அதுவும் சாதாரணக் குற்றமாக இருந்தால் போதாது. போலீஸே வாரண்ட் இல்லாமல் பிடிக்கக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத பெரிய குற்றமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால், தேடப்படும் குற்றவாளி என்று கோர்ட்டே அறிவித்த ஆளாக இருக்க வேண்டும். பிடித்த பிறகு தேவையில்லாத தாமதம் ஒரு நிமிடம்கூடச் செய்யாமல் போலீஸ் கையில் கொடுத்துவிட வேண்டும். இவ்வளவும் தெரியாமல் தலையையும் வாலையும் மட்டும் தூக்கிக்கொண்டு வந்தோம்.

வந்த மறுநாளே மெயின் கேட்டில் இருந்த நாட்றம்பள்ளிக்காரர் கணக்கைத் தொடங்கி வைத்தார். பைக் நிறுத்துகிற இடத்தில் ஒருவன் கல்லால் ஒரு பைக்கின் பூட்டை உடைப்பதைப் பார்த்திருக்கிறார். பாய்ந்து பிடித்து, நைலான் கயிற்றால் கம்பத்தில் கட்டிவிட்டார். அவன் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. திருடன் கத்தத்தானே செய்வான்? சற்று நேரத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடவில்லை. ஜெனரேட்டர் மெக்கானிக் எங்கே என்று கம்பெனி முழுவதும் தேடினார்கள். கம்பத்தில் கட்டிக் கிடந்தான், பாவம். உடைத்தது அவன் சொந்த பைக்கின் பூட்டு. சாவியைத் தொலைத்திருக்கிறான். நாட்றம்பள்ளிக்காரரை நாங்கள் ஒரு வாரம் ஓட்டு ஓட்டென்று ஓட்டினோம். எல்லாரையும்விட ஜாஸ்தி ஓட்டியது நான்தான்.

அடுத்த வாரம் என் முறை வந்தது.

அன்று ஆடிட், ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரன் ஆள் அனுப்பி நம்மைச் சோதிக்கிற நாள். வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஷூ தைத்துக் கொடுக்கிற இடத்தில் ஆடிட் என்றால் என்னவென்று போகப்போகத் தெரிந்துகொள்வீர்கள். கக்கூசில் சோப்பு முளைக்கும், முதலுதவிப் பெட்டியில் மருந்து முளைக்கும், மேனேஜர் வாயில் ‘ப்ளீஸ்’ முளைக்கும். இதோடு இன்னொரு சங்கடமும் அன்று இருந்தது. ஸ்டோரில் அப்பர் குறைகிறது என்று இரண்டு வாரமாகப் புகார். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம், அடிப்பாகம் ஒட்டுவதற்கு முன்னால் இருக்கிற தோல் கூடு. “யாரையாவது பிடிச்சுக் காட்டுங்க மேடம்” என்று ஹெச்.ஆர். மேனேஜர் என்னைத் துளைத்துக்கொண்டிருந்தார். ‘திருடனை’ என்று சொல்லவில்லை பாருங்கள், ‘யாரையாவது’ என்றுதான் சொன்னார். அப்போது எனக்கு அந்த வித்தியாசம் உறைக்கவில்லை.

காலை பத்து மணி இருக்கும். பின்கேட் வழியாக ரவுண்டு போனேன். கேட்டிலிருந்து சாலைப்பக்கம் ஒரு பெண் வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். புர்கா போட்டிருந்தாள், தோளில் பெரிய துணிப்பை. ஜிப் மூடாத பையின் வாயில் எங்கள் அப்பர் எட்டிப் பார்த்தது. தோலின் நிறம் எங்களுடையது, தொங்கிய சீட்டும் எங்களுடையது. என் உடம்பில் பட்டாளத்துக்காரர் புகுந்துகொண்டார். ஓடினேன் என்றா சொல்கிறேன், என் முட்டிவலிக்கு அதைப் பறந்தேன் என்றே சொல்லலாம்.

“ஏம்மா, நில்லு! பையில இன்னா?”

அவள் நின்றாள். பயப்படவில்லை, அதுவே எனக்குக் கோபம். “அப்பருதான்க்கா. குடுக்க வந்தேன். ஏஜென்ட் வர்ல, போனும் ஆப்ல கீது. கேட்ல இன்னிக்கு யாரும் நிக்கக்கூடாதுன்னு தொரத்திட்டாங்க. அதான் போறேன்.”

“நீ உள்ள வேல செய்றியா?”

“இல்லக்கா. ஏஜென்ட் குடுக்கற மால ஊட்ல தைக்கிறேன். பேரணாம்பட்டு. நசீமான்னு பேரு.”

“எங்க கம்பெனி ஊட்டுக்கெல்லாம் குடுத்து தைக்கறதே இல்ல. யாருகிட்ட கத உடற?”

நான் அதைச் சொன்னது ஆபீஸ் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த அறிக்கையை நம்பி. ‘எங்கள் உற்பத்தி முழுவதும் இந்த வளாகத்துக்குள்ளேயே நடைபெறுகிறது.’ வீட்டில் வைத்துத் தைத்தால் கூலி சரியா, வயசுப் பிள்ளைகள் தைக்கிறார்களா என்றெல்லாம் வெளிநாட்டுக்காரன் கேள்வி கேட்பான் என்பதால் அந்த அறிக்கை. உனக்கு உண்மையிலேயே தெரியாதா எஸ்தர் என்று கேட்பீர்கள். தெரியும் என்பதற்கும் தெரியாது என்பதற்கும் நடுவில் என் கை வைத்த நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வாரம் இரண்டு தடவை ஒரு வேன் பின்கேட்டில் மூட்டை ஏற்றும். எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் நம்மை வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

“நாற்பதாம் பிரிவின்படி உன்ன கைது பண்றேன்” என்றேன். ஆமாம், நடுச்சாலையில் நின்று, முழுசாக இந்த வாக்கியத்தைச் சொன்னேன். ஆட்டோ ஸ்டாண்டில் இருந்த ஒருவர் கை தட்டினார். இப்போது நினைத்தாலும் காது கூசுகிறது.

உடம்பு முடியாதவர்கள் படுக்கிற சிக் ரூமில் உட்கார வைத்தேன். ஒரு கட்டில், ஒரு எடை மெஷின், வெளிப்பக்கம் தாழ்ப்பாள். அவள் போனை வாங்கி என் மேஜை டிராயரில் போட்டேன். எதற்கு என்று கேட்டதற்கு, “சாட்சிப் பொருள்” என்றேன். சாட்சிப் பொருள்! என்ன திமிர் பாருங்கள் எனக்கு.

ஹெச்.ஆர். மேனேஜர் வந்தார். வெளியூர்க்காரர், வயசு கம்மி, டை கட்டுவார். விஷயம் கேட்டதும் முகம் பூத்துவிட்டது. “சூப்பர் மேடம். ஆனா இன்னிக்குப் போலீஸ் ஜீப் மட்டும் நம்ம கேட்டுக்கு வரவே கூடாது. ஆடிட்டருங்க நாலு மணிக்குக் கிளம்பிடுவாங்க. சட்டமே ஆறு மணி நேரம் கொடுக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப பத்து. நாலு மணிக்குக் கரெக்டா ஆறு மணி நேரம். எவ்ளோ அழகா அமைஞ்சிருக்கு பாருங்க!”

சட்டம் எழுதினவர்கள் எங்கள் ஆடிட் டைம்டேபிளைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதியதுபோல் அவருக்கு ஒரு பூரிப்பு. நானும் தலையாட்டினேன்.

பின்னாலேயே புரொடக்‌ஷன் மேனேஜர் வந்தார். அவர் உள்ளூர்க்காரர், இந்தத் தொழிலிலேயே பழம் தின்று கொட்டை போட்டவர். பையைத் திறந்து ஒரு அப்பரை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். நசீமா எழுந்து நின்று, “சார், நம்ம ஏஜென்ட் குடுத்த மாலுதான் சார், உங்களுக்குத் தெரியும்ல?” என்றாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. “மெட்டீரியல் நம்மளுதுதான். இந்தம்மா யாருன்னு எனக்குத் தெரியாது. திருட்டுதான்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, படி ஏறி ஆடிட்டருக்கு ‘ப்ளீஸ்’ சொல்லப் போய்விட்டார்.

பதினோரு மணிக்கு அவள் கேட்டாள். “அக்கா, போன் மட்டும் குடுங்க. எட்டு மாசக் கொழந்த. பக்கத்தூட்ல உட்டுட்டு வந்தேன், ரெண்டு மணி நேரத்துல வர்றேன்னு.”

நான் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்தேன். கேட்டில் பிடிபடுகிற அத்தனை பேருக்கும் வீட்டில் ஒரு பச்சைக் குழந்தை இருக்கும், இல்லையென்றால் சாகக் கிடக்கிற மாமியார் இருப்பாள். இருபத்திரண்டு வருஷத்தில் அப்படிக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது தடித்துப்போயிருந்தது. உங்களுக்கும் தடிக்கும். தடிக்கும்போது எச்சரிக்கையாக இருங்கள்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. தட்டில் சோறு வாங்கிக்கொண்டு கதவைத் திறந்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று கைக்குட்டையை மடித்து மடித்து மார்பில் வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பியபோது பார்த்தேன். புர்காவின் முன்பக்கம் ஈரம். கறுப்புத் துணியிலும் பால் ஈரம் தெரியும், பிள்ளை பெற்றவள் கண்ணுக்கு. சீ, என்ன பிழைப்பு இது என்று தோன்றியது. தட்டைக் கட்டிலில் வைத்தேன். டிராயரைத் திறந்து போனைக் கொண்டுவந்து கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள் உருதுவில் பேசினாள். குழந்தை அழுகிற சத்தம் போனுக்கு வெளியே என் மந்தக் காதுக்கும் கேட்டது.

பேசி முடித்துவிட்டு அவள் சோற்றைத் தொடவில்லை. “அக்கா, அந்தப் பைய எடுங்க” என்றாள்.

“எதுக்கு?”

“எடுங்கக்கா, சொல்றேன்.”

எடுத்தேன். ஒரு அப்பரை என் கையில் வைத்து, முன்பக்கம் மேடாக ஓடுகிற தையலை விரலால் காட்டினாள். அவள் விரல் நுனிகளில் நூல் அறுத்த கோடுகள் இருந்தன. “இது மிஷின் தையலா, கைத் தையலா?”

கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். இத்தனை வருஷம் பெண்களின் இடுப்பில் தோலைத் தேடியிருக்கிறேன், ஒரு நாளாவது ஷூவைப் பார்த்ததில்லை. “கைத் தையல்.”

“உங்க கம்பெனியில கையில தைக்கிறவங்க எத்தினி பேரு?”

யோசித்தேன். கட்டிங் இருக்கிறது, மிஷின் லைன் இருக்கிறது, ஒட்டுகிற லைன் இருக்கிறது. கையில் ஊசி பிடித்து உட்கார்ந்த ஒருத்தியை நான் உள்ளே பார்த்ததே இல்லை. “யாரும் இல்ல.”

“அப்ப நா எங்கருந்து எட்த்தேன்? உள்ள இல்லாத மால உள்ளருந்து எப்டிக்கா திருடுவாங்க? இல்ல, திருடிட்டுப் போயி, ரெண்டு நாளு குந்தி தச்சி முடிச்சி, திரும்ப உங்க கேட்டுக்கே எட்த்துனு வருவேனா? எனக்கு இன்னா பைத்தியமா?”

அவள் பொருளை வெளியே கொண்டுபோகவில்லை. உள்ளே கொடுக்க வந்தாள். ஆடிட் நாள் என்பதால் ஏஜென்ட்டிடம் போனை அணைக்கச் சொல்லியிருக்கிறார்கள், அவளுக்குத் தகவல் சொல்ல மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. கைக்கு வந்த வேலையை நல்லபடியாக முடித்துக் கொண்டுவந்தவளைத்தான் நான் சட்டம் பேசி உள்ளே தள்ளியிருக்கிறேன்.

போலீஸ் ஸ்டேஷனில் கேஸ் எழுதுகிற ரைட்டராக இருந்த ஏட்டம்மா ஒருவரை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். என்னைவிடப் பத்து வயது சின்னவர். வாய் மட்டும் என்னைவிடப் பத்து மடங்கு பெரிது. இந்த வேலையில் எனக்கு குரு என்று ஒருவர் இருந்தால் அவர்தான். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் ஸ்பீக்கரில்தான் பேசுவேன். அந்த அறையிலேயே நின்று கூப்பிட்டேன்.

“இன்னாக்கா, சோத்து நேரத்துல?”

“ஒருத்திய புடிச்சி வச்சிருக்கேன். திருட்டுன்னு. ஷூ அப்பரு, பன்னண்டு ஜோடி.”

“எட்த்தத நீ பாத்தியா?”

“பையோட போனத பாத்தேன்.”

“பையோட நானுந்தான் மார்க்கெட்டுக்குப் போறேன். எட்த்தத பாத்தியான்னு கேட்டேன்.”

“இல்ல.”

“மாலு அஞ்சாயிரத்துக்கு மேல பெறுமா?”

“இருக்காது.”

“போச்சு. முந்தி மாதிரி இல்லக்கா, அஞ்சாயிரத்துக்குக் கீழ இருந்தா வெளியாளு திருட்ட நாங்களே மாஜிஸ்ட்ரேட்டக் கேக்காம தொட முடியாது. நீ தொட்டுட்ட. பெரிய ஆளுதான். எப்ப புடிச்ச?”

“பத்து மணிக்கு. ஆறு மணி நேரம் டைம் இருக்குதேன்னு...”

“எந்தப் புண்ணியவான் சொன்னது? அது கடைசி வரம்புக்கா. ஸ்டேஷனு தூரமா கீது, வண்டி கெடைக்கலன்னா அதுக்குள்ளயாவது வந்து சேருன்னு அர்த்தம். நம்ம ஸ்டேஷனுக்கு நீ நடந்தா பத்து நிமிசம். கதவு எப்டி கீது?”

“வெளிய தாப்பா போட்டு வச்சிருந்தேன்.”

ஏட்டம்மா சிரித்தார், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. “அங்க கண்ணெதிர்ல ஒரு குத்தம் நடந்தத பாத்த ஒரே ஆளு அந்தப் பொண்ணுதான். ஒருத்தர அநியாயமா அடச்சி வக்கிறது குத்தம். நல்ல வேள, அது ஜாமீன்ல உடற கேசு. இல்லன்னா அவ உன்ன கைது பண்ணி எங்கிட்ட இட்டுனு வந்திருப்பா. கதவத் தொறந்து அனுப்புக்கா. அதுக்கப்புறம் சாப்பிடு.”

போனை வைத்தேன். நசீமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். “தப்பு என்னுது. நீ கௌம்பும்மா” என்றேன்.

இதற்குள் ஹெச்.ஆர். மேனேஜர் ஒரு வெள்ளைத் தாளோடு வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். சளைக்கவில்லை அவர். “ஓகே, அனுப்பிடலாம். ஒரு மன்னிப்புக் கடிதம் மட்டும் எழுதி வாங்கிக்கலாம். ‘தவறுதலாகப் பொருளை எடுத்துவிட்டேன், இனிமேல் செய்ய மாட்டேன்.’ ஒரு சேஃப்டிக்கு.” நம் கம்பெனிகளில் இது ஒரு பழக்கம். எதற்கும் ஒரு மன்னிப்புக் கடிதம். நாளைக்கு மழை பெய்தால் மேகத்திடமும் எழுதி வாங்குவார்கள்.

நசீமா தாளை வாங்கினாள். மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள். “நா எய்த மாட்டேன் சார். ஸ்டேஷனுக்கே போலாம், வாங்க.”

“எதுக்கும்மா ஸ்டேஷன்? நாங்கதான் விட்டுட்டோமே.”

“நடு ரோட்ல கைதுன்னு சொன்னாங்கல்ல? கைது பண்ணா போலீஸ்ல குடுக்கணுமாமே. குடுங்க. யாரு மாலு, யாரு குடுத்தாங்க, எந்த வேன்ல வருது, எல்லாத்தையும் அங்க சொல்றேன்.”

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பிடித்தவர்கள் போ போ என்று கெஞ்ச, பிடிபட்டவள் போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டாள். மார்பில் பால் கட்டி வலியில் முகம் சுருங்குகிறது, ஆனாலும் கட்டிலை விட்டு எழவில்லை. ஹெச்.ஆர். மேனேஜர் டையைத் தளர்த்தினார். புரொடக்‌ஷன் மேனேஜருக்கு ஆள் விட்டார்கள். காலையில் ‘யாருன்னு தெரியாது’ என்றவர் இறங்கி வந்து, “இன்னாம்மா நசீமா” என்றார். பெயர் நன்றாகவே ஞாபகம் இருந்தது அவருக்கு.

“உனக்கு இன்னாதான் வேணும்?” என்று நான் கேட்டேன்.

“எய்திக் குடுங்க. மாலு திருட்டு இல்ல, கம்பெனி தைக்கக் குடுத்ததுன்னு. ஆட்டோக்காரங்கல்லாம் பாத்தாங்கக்கா. சாயந்திரத்துக்குள்ள எங்க தெருவுக்குப் போய்டும். நா கடுதாசி இல்லாம போனா, திருடி, மன்னிச்சி உட்டுட்டாங்கன்னுதான் பேசுவாங்க.”

புரொடக்‌ஷன் மேனேஜர் பதறினார். “எஸ்தரம்மா, தப்பாப் புடிச்சிட்டோம்னு வேணும்னா எழுதுங்க. கம்பெனி குடுத்ததுன்னு மட்டும் வேணாம். அந்தக் காயிதம் மாடியில இருக்கிற ஆடிட்டருங்க கையில கெடச்சா ஆர்டரே போய்டும். ஆர்டர் போனா இவளுக்கும்தான் வேல போய்டும். புரிய வைங்க.”

அவர் சொன்னது பொய்யில்லை. நான் நசீமாவைப் பார்த்தேன். அவளும் யோசிக்காமல் பேசுகிறவள் இல்லை. “வேல போனா வேற ஏஜென்ட் கிட்ட போவேன் சார். திருடின்னு பேரு வந்தா எந்த ஏஜென்ட் என்ன நம்பி மால உடுவான்?”

எழுத உட்கார்ந்தேன். எனக்கு ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம். “மேடம், உங்க பேர்ல எழுதினா உங்க மேலதான் வரும்” என்றார் ஹெச்.ஆர். மேனேஜர். “எம்மேலதான் வரணும், நாந்தான புடிச்சேன்” என்றேன். ‘பேரணாம்பட்டு நசீமாவிடம் இருந்த பன்னிரண்டு ஜோடி அப்பர், எங்கள் கம்பெனிக்காக ஏஜென்ட் மூலம் வீட்டில் தைக்கக் கொடுக்கப்பட்டவை. சந்தேகத்தின் பேரில் இவரைத் தடுத்து வைத்தது தவறு’ என்று எழுதிக் காட்டினேன். அவள் படித்துவிட்டு ஒரு இடத்தில் விரலை வைத்தாள். “சந்தேகத்தின் பேரில்னு போட்டிருக்கீங்களே. அத அடிச்சிடுங்க. அத வச்சே பேசுவாங்க.” அடித்தேன். கையெழுத்துப் போட்டு செக்யூரிட்டி ஆபீஸ் முத்திரையைக் குத்தினேன். பன்னிரண்டு ஜோடியும் வந்து சேர்ந்தது என்று புரொடக்‌ஷன் மேனேஜர் கீழே எழுதிக் கொடுத்தார், பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் படியேறிப் போய் ஆடிட்டர்களிடம் உண்மையைச் சொன்னேனா? இல்லை. அவ்வளவு வீரம் எனக்கு வரவில்லை. அவர்கள் நாலு மணிக்குச் சந்தோஷமாகக் கிளம்பினார்கள். சுவரில் இருந்த அறிக்கை சுவரிலேயே இருந்தது. ஒரு வாரத்தில் எனக்கு மெமோ வந்தது. ‘அதிகாரமின்றிக் கம்பெனி பெயரில் கடிதம் அளித்தமை.’ அதிகாரமில்லாமல் ஒரு பெண்ணை அடைத்து வைத்ததைப் பற்றி அதில் ஒரு எழுத்து இல்லை. நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு, பச்சைத்தோல் வந்து இறங்குகிற கிடங்கு கேட்டுக்கு என்னை மாற்றினார்கள். எட்டு மாதம் அந்த நாற்றத்தில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். “மூணரை மணி நேரத்துல விட்டுட்டோமே மேடம், ஆறுகூட ஆகலையே, எதுக்கு இவ்ளோ டென்ஷன்?” என்று ஹெச்.ஆர். மேனேஜர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை. உங்களுக்காவது புரிந்தால் சரி. நீங்கள் பார்க்காத குற்றத்துக்கு ஆறு மணி நேரமும் கிடையாது, ஆறு நிமிடமும் கிடையாது. சந்தேகமா, போலீஸுக்குப் போன் போடுங்கள், அடையாளம் குறித்து வையுங்கள், ஆள் மேல் கையை வைக்காதீர்கள். தப்பாகக் கை வைத்துவிட்டீர்களா, அந்த நிமிடமே எடுங்கள். மானம் போகுமே என்று பார்த்துக்கொண்டிருந்தால் எதிரே இருப்பவள் மானம் போய்க்கொண்டிருக்கும்.

அன்றைக்கு அவளை நானே பெண்கள் கேட் வழியாக வெளியே கூட்டிப்போனேன். ஒன்றரை மணி வெயில். கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கேட்டை அவள் தாண்டப்போகும் நேரம், என் கை தானாக நீண்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் நினைக்கவே இல்லை. கையே போனது, அவள் பைக்கு.

இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தோம். நான் இழுத்துக்கொள்வதற்குள் அவள் நின்று, பையின் ஜிப்பை முழுசாகத் திறந்து, என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“நல்லா பாருங்கக்கா. பாத்துட்டுதானே புடிக்கணும்.”

நான் பார்க்கிறவரைக்கும் பையை இறக்கவில்லை. பார்த்தேன். ஒரு நூல்கண்டு, ஒரு தண்ணீர் பாட்டில், நான் எழுதிக் கொடுத்த காகிதம். அவள் ஜிப்பை மூடிக்கொண்டு பேரணாம்பட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.